பூ வைக்காத பக்கம்

“ஏறுத்தா வண்டியில.”

“நான் எதுக்கு ஏறணும்? வலி வரும், போகும், பொம்பளையாப் பொறந்தவளுக்கு—”

“நேத்து சொவத்துல சாஞ்சு நின்னு பல்லைக் கடிச்சவ யாரு—”

“—வராத நோவா இது, ஊருல எவளுக்கும் இல்லாத—”

“—முந்தி ஒரசினாக் கூடப் பொறுக்கலைன்னு சொன்னவ யாரு, நானா?”

“உனக்கு மட்டும் கட்டி இல்லையா மதினி? நீ ஏறு. நீ போய்க் காட்டிட்டு வா.”

“எனக்குள்ளது கட்டியா? வாயக் கழுவு ரோசு. அது பாலு.”

வண்டியின் முன்பக்கம் தாம்புக்கயிற்றைப் பிடித்தபடி நின்ற மரிய ஜோசப் திரும்பிப் பார்த்தான். “ரெண்டு பேரும் ஒண்ணாப் பேசினா எவ சொல்றது எனக்கு விளங்கும்? மாட்டுக்கு விளங்குச்சுன்னாச் சொல்லுங்க. அது பாட்டுக்குக் கிளம்பிரும்.”

“உங்க பொண்டாட்டிய நீங்க ஏத்துங்க” என்றாள் மதலேனாள்.

“உங்க நாத்தனாவ நீங்க ஏத்துங்க. நான் கட்டிக்கிட்டு வந்ததுலேருந்து அவளை ஒரு எடத்துக்கும் ஏத்துனதில்லை.”

ரோசம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் மாரில் வலித்தது. அதை மதலேனாள் பார்த்துவிட்டாள். அதற்குமேல் ரோசம்மாள் சண்டை போடவில்லை, ஏறிவிட்டாள். மதலேனாள் சோற்றுமூட்டையை வண்டிக்குள் எறிந்துவிட்டுத் தானும் துணைக்கு ஏறி உட்கார்ந்தாள்.

மதலேனாள் ரோசம்மாளின் அண்ணன் மிக்கேலின் மனைவி. ஒரே தெருவில் இரண்டு வீடு தள்ளித்தான் வாழ்க்கை. பெரியாற்றில் அணைகட்டத் தொடங்கியதிலிருந்து பள்ளத்தாக்கில் ஆம்பிளை என்று வீட்டில் தங்கியவன் குறைவு. மிக்கேல் மலைமேல் கல்வேலைக்குப் போயிருந்தான். மரிய ஜோசப் வண்டிவைத்து, அம்மையநாயக்கனூர் ரயிலடியில் இறங்குகிற அணைச் சாமானைக் கூடலூர் வரைக்கும் ஏற்றிப்போனான். திரும்பி ரயிலடிக்குப் போகும்போது வண்டி வெறுமனேதான் போகும். அந்த வெறும் வண்டியில்தான் இந்தப் பயணம். ரயிலடியிலிருந்து மதுரைக்குப் புகைவண்டி. மதுரையில் பொம்பளைகளை மட்டும் பார்க்கிற வெள்ளைக்கார டாக்டரம்மா ஒருத்தி இருக்கிறாள் என்று சின்னமனூர் சந்தையில் யாரோ சொன்னதை மதலேனாள் பிடித்துக்கொண்டாள்.

“அவுக வேற வேதம் மதினி” என்று ரோசம்மாள் வழியில் கடைசியாக ஒருதரம் இழுத்துப் பார்த்தாள். “நம்ம மாதாவை ஒத்துக்கிடாதவுக. சாமியாருக்குத் தெரிஞ்சா—”

“உன் கட்டி எந்த வேதம்? அதைக் கேட்டுச் சொல்லு, அதுக்குத் தக்கன போவோம்.”

மதலேனாள் இப்படி விடாப்பிடியாக நின்றதற்குக் காரணம் முருகம்மாள். அடுத்த தெருவில் உழவு பார்க்கிற சம்சாரி வீட்டுப் பெண். போன வருஷம் மாரில் பிளவை கண்டு செத்தாள். கடைசி மாசம் அவள் போட்ட கூச்சல் இவர்கள் இருக்கிற வேதக்காரத் தெரு வரைக்கும் கேட்டது. வாடைக்குப் பயந்து பக்கத்து வீட்டார் சன்னலைச் சாத்தினார்கள். அன்றிலிருந்து ஊர்ப் பெண்களுக்கு ஒரு பாடம் பதிந்துபோனது: மாரில் வலித்தால் சாவு. ரோசம்மாளின் வலது மாரில் நெல்லிக்காய்போல ஒன்று தட்டுப்பட்டு, மாசத் தூரம் நெருங்க நெருங்க வலித்ததும், மதலேனாளின் காதில் முருகம்மாளின் கூச்சல்தான் கேட்டது.

மதலேனாளின் இடது மாரில் இருந்தது வலிக்கவே இல்லை. அதனால் அதைப் பற்றி யாரும் பயப்படவும் இல்லை.

அது எப்படி வந்தது என்பது வீட்டாருக்கெல்லாம் தெரியும். கல்யாணமாகி நெடுங்காலம் வயிறு திறக்காமல், சனம் பேசிப் பேசி ஓய்ந்த பிறகு, மதலேனாளுக்கு ஒரு ஆண்பிள்ளை பிறந்தான். சூசை என்று பேர் வைத்தார்கள். குப்புறக் கவிழ்ந்து தலை தூக்கப் பழகிய சமயத்தில், காய்ச்சலில் போய்விட்டான். ஞானஸ்நானம் வாங்கிய பச்சைப்பிள்ளை செத்தால் அது நேரே சம்மனசாகி வானத்துக்குப் போய்விடும், அதற்கு அழக்கூடாது. கோவிலில் துக்கமணி அடிக்காமல் திருநாள் மணி அடித்தார்கள். வெள்ளைத்துணி போர்த்தி, தலையில் பூமுடி வைத்துத் தூக்கிப்போனார்கள். மதலேனாள் அழவில்லை. அவளுடைய சேலைமுன்புறம் மட்டும் நனைந்துகொண்டே இருந்தது.

மருத்துவச்சி கருத்தம்மாள் மல்லிகைப்பூ கொண்டுவந்து, இரண்டு மாரிலும் பரப்பி, துணியால் இறுக்கிக் கட்டினாள். பூ வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். மறுநாள் விடிந்ததும் மதலேனாள் கட்டை அவிழ்த்தாள். இடதுபக்கத்துப் பூவை மட்டும் எடுத்து மடியில் கட்டிக்கொண்டு போய்க் கல்லறைத் தோட்டத்தில் சின்னக் குழிமேட்டில் வைத்துவிட்டு வந்தாள். “ஒரு பக்கமாவது அவனுக்கு இருக்கட்டும்” என்று ரோசம்மாளிடம் மட்டும் சொன்னாள்.

பிற்பாடு சில வருஷம் கழித்து, அதே இடதுபக்கத்தில் கைக்குக் கட்டியாக ஒன்று தட்டுப்பட்டபோது, மதலேனாள் கலங்கவில்லை. ரோசம்மாளைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்து வைத்துக் காட்டினாள். அவள் முகத்தில் அப்படியொரு அமைதியை ரோசம்மாள் அதற்குமுன் கண்டதில்லை.

“பூ வைக்காத பக்கம். பாத்தியா? போகாமக் கெடக்கு.”

ரோசம்மாளும் நம்பினாள். மிக்கேலும் நம்பினான். நம்பாமல் இருக்க அதில் என்ன இருந்தது?

மதுரை டாக்டரம்மா வேதப்புத்தகத்தில் தமிழ் படித்தவள். பேச்சும் அப்படியே வந்தது.

“மகளே, நீ பயப்படாதிருப்பாயாக. உன் கரத்தை உன் தலைமேல் வைப்பாயாக.”

ரோசம்மாள் பயத்திலும் மதலேனாளைப் பார்த்தாள். மதலேனாள் வாசல்பக்கத்து விசுப்பலகையில் சோற்றுமூட்டையைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மாவின் விரல்கள் குளிர்ந்திருந்தன. அவசரப்படவில்லை. இந்தப் பக்கம் தள்ளிப் பார்த்தாள், அந்தப் பக்கம் தள்ளிப் பார்த்தாள். பிறகு மற்ற மாரையும் பார்த்தாள். அக்குளில் விரலை விட்டுப் பார்த்தாள்.

“இது என் விரலுக்குத் தப்பி ஓடுகிறது. மாதந்தோறும் பெரிதாகி, தூரமான பின்பு சிறிதாகிறதா?”

“ஆமாம்மா. அப்ப வலியும் கொறையும்.”

“நல்லது. இது கட்டிதான். கெட்ட கட்டி அன்று. இதனால் நீ சாகமாட்டாய்.”

ரோசம்மாள் தலைமேலிருந்த கையை இறக்கினாள். “அறுக்க வேணாமா?”

“வேண்டாம். ஆனாலும் கேள். தூரம் கழிந்தபின் மாதம் ஒருமுறை நீயே கைவைத்துப் பார். கல்லைப்போல் ஆகிறதா, ஓடாமல் நின்றுவிட்டதா, தோலை உள்ளே இழுக்கிறதா என்று பார். அப்படி ஏதாவது கண்டால் அன்றைக்கே புறப்பட்டு வா. இப்போது நல்லதாக இருப்பது என்றைக்கும் நல்லதாகவே இருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். இருக்கும் என்றுதான் நம்புகிறேன்.”

“வலிச்சாக் கெட்டதுன்னு எங்க ஊருல…”

“அநேகம்பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள்” என்றாள் டாக்டரம்மா, கையைக் கழுவிக்கொண்டே. “கெட்டது வரும்போது வலிக்காது. ஓசையில்லாமல் வந்து உட்காரும். அது வலிக்கிற காலத்தில்தான் என்னிடம் கொண்டுவருகிறார்கள்.”

ரோசம்மாளுக்குச் சேலையை இழுத்துப் போர்த்தக் கை வரவில்லை. முருகம்மாளின் முடிவை ஊரே பார்த்தது. தொடக்கத்தை யார் பார்த்தார்கள்? வலிக்காத ஒன்றை அவள்தான் யாரிடம் சொல்லியிருப்பாள்?

“அம்மா… எங்க மதினிக்கும் ஒருதரம் பாருங்க.”

“ஏத்தா, கோட்டி புடிச்சிருக்கா உனக்கு?” என்றாள் மதலேனாள். “பாலைப் பாக்க டாக்டர் எதுக்கு?”

“பாக்கட்டும் மதினி. வந்ததுதான் வந்தோம்.”

“சரி, பாத்துக்கிடட்டும். இம்புட்டுத் தூரம் கூட்டியாந்ததுக்குக் கூலியா வச்சுக்க.”

மதலேனாள் எழுந்துவந்து மாராப்பை விலக்கினாள். வெட்கப்படவில்லை. தொட்டிலில் கிடக்கிற பிள்ளையைத் துணி விலக்கி விருந்தாளிக்குக் காட்டுகிறவள்போல இருந்தது.

டாக்டரம்மா விரலை வைத்தாள். தள்ளிப் பார்த்தாள். அது ஓடவில்லை. மண்ணில் புதைந்த கல்லை அசைக்கப் பார்ப்பதுபோல, மாரே அதனோடு சேர்ந்து அசைந்தது. இரண்டு கையையும் உயர்த்தச் சொன்னாள். உயர்த்தியபோது தோலில் ஓரிடம் தையல்நூல் இழுத்தாற்போல உள்ளே போனது.

“இந்தக் குழி எப்போது வந்தது?”

“அது எம்மகன் வாய்வச்ச எடம்மா” என்றாள் மதலேனாள்.

அக்குளில் டாக்டரம்மாவின் விரல்கள் நெடுநேரம் நின்றன. பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு, மதலேனாளுக்கு எதிரே முழங்கால் முட்ட உட்கார்ந்தாள். சிரிப்பு வரவழைக்கிற அந்தத் தமிழில் அப்போது சிரிப்பு வரவில்லை.

“மகளே, இதை அறுத்து எடுக்கவேண்டும். தாமதிக்கக்கூடாது. மயக்கமருந்து உண்டு, நீ அறியமாட்டாய். எடுத்தால் நீ பிழைப்பாய் என்று நான் உறுதி சொல்லமுடியாது. எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று உறுதியாகச் சொல்லமுடியும்.”

“இது பாலும்மா.”

“பால் அன்று.”

“உங்களுக்குத் தெரியாதும்மா. இந்தப் பக்கம் நான் பூ வைக்கலை.”

ரோசம்மாள்தான் குழறிக் குழறி எல்லாவற்றையும் சொன்னாள். மல்லிகைப்பூ, குழிமேடு, சூசை. டாக்டரம்மா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“பூ வைத்தாலும் வைக்காவிட்டாலும், பிள்ளை குடிக்காத பால் சில வாரத்தில் தானே வற்றிப்போகும். வருஷக்கணக்காக எங்கும் தங்காது. இது வேறு.”

மதலேனாள் மாராப்பை எடுத்துப் போட்டுக்கொண்டாள். நிதானமாக, மடிப்பு மடிப்பாக.

“அறுத்தா அதை என்ன செய்வீக?”

“புதைத்துவிடுவோம்.”

“ஒருதரம் புதைச்சாச்சும்மா.” எழுந்து நின்றாள். “உங்களுக்குப் புள்ளை இருக்கா?”

“இல்லை.”

“அதான்” என்றாள் மதலேனாள். கடுமையாகச் சொல்லவில்லை. பாவம் என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

திரும்பிவரும்போது வண்டியில் இரும்புச் சாமான் நிறைந்திருந்தது. அதன்மேல் வைக்கோலைப் போட்டு இரண்டு பேரும் முதுகோடு முதுகு சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். வண்டி ஆண்டிபட்டி மேடு ஏறியது.

“மாதாவுக்கு மெழுகுதிரி ஏத்தணும்” என்றாள் மதலேனாள். “உன்னைத் திருப்பிக் குடுத்துட்டாகள்ல. நான் எம்புட்டுப் பயந்து கெடந்தேன் தெரியுமா. நீ போயிட்டா நான் எவகூடச் சண்டை போடுவேன்?”

“நீ அறுத்துக்க மதினி.”

“அந்தப் பேச்சை விடு.”

“அவுகதான் அம்புட்டுச் சொன்னாகள்ல, கல்லாயிருந்தா, ஓடாம இருந்தா, தோலை இழுத்தா—”

“அவுக சொன்னாக. நீ நேத்து வரைக்கும் என்ன சொன்னே? உன் கட்டி உன்னைக் கொல்லும்னு நான் சொன்னேன், நீ சிரிச்சே. இப்ப எங்கட்டி என்னைக் கொல்லும்னு நீ சொல்றே. நானும் சிரிச்சுட்டுப் போறேன்.”

ஆனால் சிரிக்கவில்லை.

ஊருக்கு வந்ததும் ரோசம்மாள் தூரமானாள். கழிந்ததும் டாக்டரம்மா சொன்னபடி கைவைத்துப் பார்த்தாள். கட்டி சுருங்கி, விரலுக்குத் தப்பி ஓடியது. வலி இல்லை. அவள் சந்தோஷப்படவேண்டும். மாசாமாசம் அப்படித்தான் பார்த்தாள். ஓடுகிறது, ஓடுகிறது என்று ஒவ்வொரு தடவையும் தெரிந்துகொண்டபோது, இரண்டு வீடு தள்ளி ஓடாமல் நின்றுவிட்ட ஒன்று அவள் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது.

அணைவேலையில் காய்ச்சல் கண்டு மிக்கேல் மலையிறங்கி வந்தபோது, ரோசம்மாள் கஞ்சி கொண்டுபோனாள்.

“அண்ணே, நீ ஒரு வார்த்தை சொல்லு. நீ சொன்னா மதினி கேக்கும்.”

மிக்கேல் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தான். “என்னத்தச் சொல்ல ரோசு? அறுத்துக்கன்னா?”

“ஆமா.”

“நானும் அதுமேல கைவச்சுப் பாத்திருக்கேன். நம்ம பய இங்கன இருக்கான்னு அவ சொல்லுவா. எனக்கும் இருக்கான்னுதான் தோணுச்சு.” கஞ்சியைத் தொடவில்லை. “அவளைப் போயி, இல்லை, அங்கன அவன் இல்லைன்னு நான் எப்படிச் சொல்ல?”

“சொல்லலைன்னா செத்துருவா.”

“சொன்னா?”

ரோசம்மாளுக்கு அவனைத் திட்டவேண்டும்போல இருந்தது. அண்ணனின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

பிறகு கருத்தம்மாளிடம் போனாள். மருத்துவச்சி முற்றத்தில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க அன்னைக்கி மதினிக்குப் பூக் கட்டுனீகள்ல. கட்டலைன்னா பால் உள்ள தங்கிருமா?”

கருத்தம்மாள் இடிப்பதை நிறுத்தினாள். “எவ கேக்கச் சொன்னா?”

“நானாக் கேக்கேன்.”

“பூ கெடைக்காத காலத்துல எத்தனை பேருக்குச் சும்மா துணிய இறுக்கிக் கட்டிவிட்டிருக்கேன். அதுவும் வத்தத்தான் செய்யும் தாயி. புள்ளை வாய்வைக்கலைன்னா மாருக்குத் தெரிஞ்சுரும்.” வெற்றிலையை வாயில் அதக்கிக்கொண்டு சொன்னாள்: “பூ வைக்கிறது எதுக்குன்னா, வெறுங்கையோட அவ முன்னால போயி நிக்க முடியுமா, அதுக்குத்தான்.”

அதை அப்படியே கொண்டுபோய் மதலேனாளிடம் சொன்னாள் ரோசம்மாள். சொல்லும்போதே தப்பு என்று தெரிந்தது. நிறுத்தமுடியவில்லை. வெள்ளைக்காரி சொன்னாள், நம்பவில்லை. உனக்குப் பேறுகாலம் பார்த்தவளே சொல்கிறாள், இப்போதாவது நம்பு என்றாள்.

மதலேனாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். புடைத்து முடித்தாள். நொய்யைத் தனியே கொட்டினாள்.

“உனக்கு நாலு புள்ளை” என்றாள். “உனக்கு வந்த கட்டியும் நல்ல கட்டி. எனக்கு ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு. அதையும் இல்லைன்னு சொல்ல ஊரெல்லாம் சாட்சி தேடிட்டு வந்திருக்கே. போ.”

அதோடு பேச்சு நின்றது. கிணற்றடியில் பார்த்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். பூசையில் பார்த்தால் அடுத்த வரிசைக்கு மாறி முழந்தாளிடுவாள். மரிய ஜோசப் நடுவில் போய்ச் சமாதானம் பேசினான். “நீங்க ரெண்டு பேரும் சண்டை போடாமத் தெருவே வெறிச்சுன்னு கெடக்கு. மாடு கூடத் தண்ணி குடிக்க மாட்டேங்குது” என்றான். மதலேனாள் அவனுக்கு மோர் கொடுத்து அனுப்பினாள். வேறு ஒன்றும் சொல்லியனுப்பவில்லை.

மழைக்காலம் வந்து போனது. மதலேனாள் கோவிலுக்கு வருவது நின்றது. இடதுகை வீங்கியிருக்கிறது, தண்ணீர் இறைக்க முடியவில்லை என்று கிணற்றடியில் பேசிக்கொண்டார்கள். ரோசம்மாள் வாசல்வரைக்கும் போவாள், கதவு சாத்தியிருக்கும், திரும்பிவிடுவாள். ஒருநாள் அந்த வீட்டைக் கடக்கும்போது முருகம்மாள் வீட்டுச் சன்னலைச் சாத்தவைத்த அதே வாடை அடித்தது. ரோசம்மாள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள்.

மறுநாள் காலையில் மிக்கேல் வந்து கூப்பிட்டான். “வாரியா? அவதான் வரச் சொன்னா.”

மதலேனாள் சுவரோரம் பாயில் சாய்ந்திருந்தாள். பாதி உடம்புதான் இருந்தது. உள்ளே வந்தவளைப் பார்த்ததும், நேற்றுவரை பேசிக்கொண்டிருந்தவள்போல, “வெந்நி போட்டு வச்சிருக்கேன்னு சொன்னாரு உங்கண்ணன். பதம் பாரு. அவருக்குக் கொதிக்கிறதுக்கும் ஆறுறதுக்கும் வித்தியாசம் தெரியாது” என்றாள்.

ரோசம்மாள் பதம் பார்த்தாள். பழைய வேட்டியைக் கிழித்தாள். மிக்கேல் வெளியே போய் உட்கார்ந்தான்.

துணியை அவிழ்க்கும்போது ரோசம்மாள் மூச்சை அடக்கிக்கொள்ளவில்லை. அடக்கினால் அவளுக்குத் தெரிந்துவிடும். பூ வைக்காத பக்கம் வெடித்து, விளிம்பெல்லாம் தடித்துக் கிடந்தது. சூசை வாய்வைத்த இடம் எது என்று இனி யாரும் சொல்லமுடியாது. வெந்நீரில் துணியை நனைத்து, ஒற்றி ஒற்றி எடுத்தாள். மதலேனாள் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பிடித்தாள்.

“வலிக்குதா மதினி?”

“வலிக்குது. இப்பத்தான் வலிக்குது.” மூச்சு வாங்கினாள். “உனக்கு எப்படி இருக்கு? பாத்துக்கிடுறியா மாசாமாசம்?”

“பாத்துக்கிடுறேன்.”

“ஓடுதா?”

“ஓடுது.”

“ஓடட்டும். விடாமப் பாரு. நின்னுச்சுன்னா அன்னைக்கே வண்டியில ஏறிரணும். சண்டை போடக்கூடாது.”

“சரி மதினி.”

“ஏத்திவிட நான் இருக்க மாட்டேன்.”

ரோசம்மாள் அடுத்த துண்டுத்துணியை எடுத்தாள். ஒற்றி எடுத்ததைக் கீழே சட்டிக்குள் போடப் போனவளின் மணிக்கட்டை மதலேனாள் பிடித்தாள். துணியைத் தன் முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள். திருப்பித் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். சிவப்பும் மஞ்சளுமாக ஊறியிருந்தது. வெள்ளையாக ஒரு பொட்டும் இல்லை. முகர்ந்தும் பார்த்தாள்.

வெளியே மிக்கேல் இருமுவது கேட்டது. தெருவில் ஏதோ வண்டி அணைப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. மதலேனாள் பிடித்த கையை விடவில்லை. அன்றைக்குக் கல்லறைத் தோட்டத்தில் வராத அழுகை அவள் முகத்தில் இப்போது வந்து, எப்படி வருவது என்று தெரியாமல் நின்றது.

“பாலு இல்லையே ரோசு” என்றாள். “அப்ப எம்புள்ளை பாலு எங்கிட்டுத்தான் போச்சு?”